ராயகிரிக்கு வேண்டும் ஓர் ஐந்து கிலோமீட்டர்

காலை ஐந்தேகால். மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கிறது. தெருவிளக்குகள் முடிகிற இடத்தில் ரோட்டோரமாக நாலைந்து பையன்கள். இரண்டு பேர் காலில் ஷூ, ஒருவன் காலில் கேன்வாஸ், மற்றவர்கள் செருப்பைக் கழற்றி மைல்கல் பக்கத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பெரியவனாகத் தெரிகிற ஒருவன் கையில் செல்போன். அதில் ஸ்டாப்வாட்ச் தயாராக இருக்கிறது. "ரெடியாலே?" என்கிறான். பால்வண்டி கடந்து போகட்டும் என்று ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். பிறகு எட்டுப் பத்துப் பாதங்கள் தார் ரோட்டில் பதிகிற சத்தம்.

டீக்கடை வாசலில் முதல் டீக்குக் காத்திருக்கும் அண்ணாச்சி, திரும்பி வருகிறவர்களிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எலேய், போலீஸுக்கா, மிலிட்டரிக்கா?"

தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டத்தின் ராயகிரியில் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை இது. வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், கயத்தாறு என்று தென்மாவட்டச் சிற்றூர் எதற்குள் அந்த நேரத்தில் போனாலும் காதில் விழும். பையன்களும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "ரெண்டுக்கும் இல்ல, சும்மா ஓடுறேன்" என்று சொல்கிறவர் அநேகமாக யாருமில்லை. முப்பது வயதில் யாராவது அப்படி ஓடினால், "டாக்டர் சொன்னாரா?" என்பார்கள். பெண் ஒருவர் ஓடினால் கேள்வி கேட்கவே மாட்டார்கள், நின்று பார்ப்பார்கள்.

நகரங்களில் நிலைமை வேறு. சென்னையில் 2023 ஆகஸ்ட் 6-ம் தேதி நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 73,206 பேர் பங்கேற்றது கின்னஸ் சாதனை ஆனது. கோவையில் புற்றுநோய் அறக்கட்டளைக்காக வருடா வருடம் ஓடுகிறார்கள். ஆரோவில்லில் செம்மண் பாதையில் 2008 முதல் ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏதாவதொரு நிறத்தில் டி-ஷர்ட், கழுத்தில் பதக்கம், முகநூலில் படம். அந்த அலை மதுரை, நெல்லை வரை வந்துவிட்டது. பேரூராட்சி எல்லைக்குள் மட்டும் ஓட்டம் இன்னும் வேலைக்கான தேர்வாகவே இருக்கிறது. அதனால் யார் ஓடலாம், எத்தனை வயது வரை ஓடலாம் என்பதையெல்லாம் தேர்வு வாரியங்களே முடிவு செய்கின்றன. ராயகிரி அளவுள்ள ஓர் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக அளந்து, ஓடுகிற எல்லோருக்கும் நேரம் குறித்துத் தரும் ஐந்து கிலோமீட்டர் சாலை ஓட்டம் நடந்தால் இது மாறும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏழு நிமிஷத்துக்குள் ஒரு குடும்பம்

பையன்கள் வேலைக்காக ஓடுவதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டியவன் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குள் நுழைய முடியும். ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 நொடி. பழகிய காலுக்கு இது பெரிய வேகம் இல்லை. ராத்திரி கண்விழித்துப் படித்துவிட்டு, பகலில் எலுமிச்சைத் தோட்டத்திலோ கரும்பு வெட்டிலோ கூலிக்குப் போய்விட்டு வரும் பையனுக்குப் பெரிய வேகம்தான். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வு இன்னும் கடுமையானது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தவனுக்கு முழு மதிப்பெண்; பதினைந்து நொடி பிந்தினால் பன்னிரண்டு மதிப்பெண் போய்விடும். அந்தப் பதினைந்து நொடிக்காகத்தான் மாதக்கணக்கில் விடியற்காலை ஐந்து மணி.

இந்த ஓட்டத்துக்குப் பயிற்சியாளர் கிடையாது. முன்னால் தேர்வாகிப் போன அண்ணன்தான் குரு. லீவில் வரும்போது அவர் சொல்லிவிட்டுப் போவதே பாடத்திட்டம். "முதல் ரவுண்டுலயே இழுக்காதலே, கடைசி ரவுண்டுக்கு மூச்ச வச்சுக்க" என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற அறிவுரை. உலகத்தின் எந்தப் பயிற்சியாளரும் இதைத்தான் சொல்வார்.

■ பெட்டிச் செய்தி: வேலைக்கு ஓடும் தூரங்கள்

• இரண்டாம் நிலைக் காவலர், ஆண்கள்: 1,500 மீட்டர், 7 நிமிஷத்துக்குள்.
• இரண்டாம் நிலைக் காவலர், பெண்கள்: 400 மீட்டர், 2 நிமிஷம் 30 நொடிக்குள்.
• அக்னிவீர்: 1.6 கி.மீ. 5 நிமிஷம் 30 நொடிக்குள் 60 மதிப்பெண். 5 நிமிஷம் 45 நொடிக்குள் 48 மதிப்பெண்.
• வனக்காப்பாளர்: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ. நடை.

வயது வரம்பு முடிந்த மறுநாள்

காவலர் பணிக்கு உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கு 31. அந்தப் பிறந்தநாள் வந்ததும் ஓட்டம் நிற்கிறது. வேலை கிடைத்தவன் நிறுத்துவது சந்தோஷத்தில். கிடைக்காதவன் நிறுத்துவது வெறுப்பில். வெறுப்பில் நிறுத்துகிறவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மூன்று தேர்வு, நான்கு தேர்வு என்று ஓடிக் களைத்தவனுக்கு அந்த ரோடே தோற்ற இடமாகிவிடுகிறது. திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போகிறான், பைக் வாங்குகிறான், பக்கத்துத் தெருவுக்கும் பைக்கிலேயே போகிறான். நல்ல நிலைக்கு வந்த நுரையீரலும் இதயமும் அந்தத் திறனைச் சில வாரங்களிலேயே இழக்கத் தொடங்கிவிடும் என்கிறது உடலியல். பத்து வருஷம் கழித்து அவனைப் பார்ப்பது 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைப் பட்டியலில்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். ரத்த அழுத்தம் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. உடல் போதுமான அளவு அசையாதவர்களின் விகிதம் 2000-ல் 22 சதவீதமாக இருந்தது, 2022-ல் 49 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக 2024-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அதிலும் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 'வயல் வேலை செய்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வயலில் இப்போது உழவும் அறுவடையும் இயந்திரத்தில்தான் நடக்கின்றன. அப்பா நடந்த தூரத்தை மகன் நடப்பதில்லை.

ஓட்டம் என்ற மருந்து எவ்வளவு வேண்டும் என்பதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஓடுகிறவர்களுக்கு இதயநோயால் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது. வாரத்துக்கு மொத்தமே 51 நிமிஷத்துக்கும் குறைவாக, மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிஷத்தில் ஓடுகிற ஒருவருக்கு வாரம் ஒன்றரை ஓட்டம் என்று கணக்கு. அதற்கு மாரத்தான் தேவையில்லை, ஜிம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்குக் கண்ணெதிரே சாட்சியும் உண்டு. 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரான மா.சுப்பிரமணியனுக்கு நீரிழிவு; சாலை விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அவர் காலத்தில்தான் 2023 நவம்பர் 4-ல் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் குறிக்கப்பட்டன. அருமையான தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் ராயகிரிக்காரருக்கு அது வேறொரு ஊரின் பாதை.

அரசு நடத்தும் ஓட்டமும் முதல் பஸ்ஸும்

ஊர்க்காரன் ஓடிப் பரிசு வாங்குவதற்கு ஒரே ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது. அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அறிஞர் அண்ணா மாரத்தான் ஓட்டப் போட்டிதான் அது. 2023-ல் இந்த வடிவில் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் பல நூறு ரூபாய் கேட்கும் பெருநகர ஓட்டங்களுக்கு நடுவே, ஆதார் நகலும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும் என்கிற போட்டி இது. பரிசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருகிறது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஐயாயிரம் ரூபாய் சின்ன விஷயம் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல ஷூ ஒன்று வாங்கலாம்.

■ பெட்டிச் செய்தி: அறிஞர் அண்ணா மாரத்தான் (2023 அறிவிப்பு)

• 17 முதல் 25 வயது: ஆண்கள் 8 கி.மீ., பெண்கள் 5 கி.மீ.
• 25 வயதுக்கு மேல்: ஆண்கள் 10 கி.மீ., பெண்கள் 5 கி.மீ.
• முதல் பரிசு ரூ.5,000, இரண்டாம் பரிசு ரூ.3,000, மூன்றாம் பரிசு ரூ.2,000.
• நான்காம் இடம் முதல் பத்தாம் இடம் வரை தலா ரூ.1,000.

சிக்கல் எங்கே என்றால், மாவட்டத் தலைநகரில். ராயகிரியிலிருந்து தென்காசி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சாலை ஓட்டம் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும், அதனால் காலை ஆறு, ஆறரைக்கே அணிவகுக்கச் சொல்கிறார்கள். விடியுமுன் கிளம்பி, பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். பையன்கள் மூன்று பேர் ஒரு பைக்கில் போகிறார்கள், அதுவே ஓர் ஆபத்து. பெண்பிள்ளைகள் முந்தின நாளே சொந்தக்காரர் வீடு தேட வேண்டும், அல்லது அப்பா கூட்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு அன்று கூலி போய்விடும். திறமை இருந்தும் அணிவகுப்புக்கே வராமல் போன பிள்ளைகளை எந்த முடிவுப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். பத்து பேருக்குப் பரிசு, பதினோராவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. அவர் எத்தனை நிமிஷத்தில் ஓடினார் என்றுகூட யாரும் எழுதித் தருவதில்லை. '25 வயதுக்கு மேல்' என்ற ஒரே பிரிவில் இருபத்தாறு வயதுக்காரரும் ஐம்பத்தாறு வயதுக்காரரும் சேர்ந்து நிற்கிறார்கள். உலகெங்கும் மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அப்படிப் பிரித்தால் மட்டுமே கூட்டுறவுச் சங்க எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் மளிகைக் கடைக்காரரும் எண் குத்திக்கொண்டு கோட்டுக்கு வந்து நிற்பார்கள்.

கோட்டிலிருந்து கோடு வரை

ஒருவேளை அவர்கள் நின்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தெட்டு வயது, இரண்டு மாதம் பழகிய கால், முதல் ஓட்டம். உடம்புக்குள் என்ன நடக்கும்?

விசில் ஊதியதும் முன்னால் நிற்கும் பள்ளிப் பையன்கள் சிட்டாய்ப் பறப்பார்கள். கூடவே இவர் காலும் கிளம்பிவிடும். முதல் ஐந்நூறு மீட்டர் காற்றில் மிதப்பதுபோல இருக்கும், ஏனென்றால் இதயமும் நுரையீரலும் இன்னும் கணக்குக் கேட்கவில்லை. தசையில் இருக்கும் கையிருப்பில் ஓடுகிறார். ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் கணக்கு வந்துவிடும். தேவைப்படும் ஆக்சிஜனுக்கும் கிடைக்கிற ஆக்சிஜனுக்கும் இடைவெளி விழ, தொடை கனக்கும், மூச்சு வாங்கும், விலாவில் பிடிக்கும். புதிதாக ஓட வருகிறவர்கள் பலர் பாதியில் நிற்பது இந்த இடத்தில்தான். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. தொடக்கம் வேகமாகிவிட்டது, அவ்வளவுதான். பேச முடிகிற வேகத்தில் முதல் கிலோமீட்டரை ஓடியவர் இந்தக் கண்டத்தைத் தெரியாமலே கடந்துவிடுவார்.

இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சுக்கு ஒரு தாளம் அமையும். இந்தப் பக்கத்தில் ஆனி, ஆடியில் ஓடுகிறவருக்கு அங்கே வேறொரு எதிராளி காத்திருக்கிறார். மேற்கே கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று. சங்கரன்கோவில், சுரண்டை, கயத்தாறு வட்டாரமெங்கும் காற்றாலைகள் முளைத்ததே அந்தக் காற்றை நம்பித்தான். மலையைப் பார்த்து ஓடும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பினால் முதுகைத் தாங்கும். ஊர்ப் பையன்களுக்கு இது தெரியும். எதிர்காற்றில் ஒருவர் பின் ஒருவராக ஓடி, முறை மாற்றி முன்னால் வருவார்கள். சாரல் விழுகிற நாளில் ரோடு குளிர்ந்து கிடக்கும்; அன்றைக்கு ஓடுவது தனிச் சுகம்.

மூன்றாவது கிலோமீட்டர்தான் மனசுக்கான தூரம். தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. 'எதுக்கு இந்த வேலை?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். இங்கே உதவுவது கூட்டம். ரோட்டோரம் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால் தானாக நிமிரும். சொந்த ஊரில் ஓடுவதன் பலம் இதுதான். சென்னையின் எழுபதாயிரம் பேருக்கு நடுவே நம் பெயர் தெரிந்தவர் யாரும் நிற்பதில்லை. நாலாவது கிலோமீட்டரில் முன்னே பறந்த பையன்களில் சிலர் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் கடந்து போகும்போது ஒரு தட்டுத் தட்டி "வாலே, கூட வா" என்று இழுத்துக்கொண்டு போகலாம். கடைசிக் கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோடு தெரிந்துவிட்டால் எல்லோரும் ஓடுவார்கள்.

இந்த மண்ணுக்குத் தூரம் புதிது இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கும் திருச்செந்தூர் முருகனுக்கும் வெறுங்காலில் பாதயாத்திரை போகிற குடும்பங்கள் இந்த வட்டாரமெங்கும் உண்டு. அறுபது வயதுப் பாட்டி இரண்டு நாள் நடந்து போய்த் திரும்புகிறார். ஊர் ஒன்று அக்கறை எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் புதுக்கோட்டை இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, உள்ளூர்ப் பயிற்சியாளர் லோகநாதனிடம் பழகிய ஜி.லட்சுமணன் 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளத்தில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். அதே பட்டறையில் உருவான எல்.சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களில் தங்கம் வென்றார். மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த வி.ரேவதி, வெறுங்காலில் ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்.

உயிர் முக்கியம்

2023 ஜூலையில் மதுரையில் ரத்ததான விழிப்புணர்வு மாரத்தான் நடந்தது. ஓடி முடித்து நன்றாகத்தான் இருந்தார் கல்லூரி மாணவர் ஒருவர். சற்று நேரத்தில் உடல்நிலை மோசமாகி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை. வயது இருபது. எந்த ஊரில் ஓட்டம் நடத்துகிறவர்களும் அந்தக் காலை வேளையை மறக்கக் கூடாது.

ஓட்டத்தில் திடீர் மரணம் அபூர்வம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது, அவர்களில் 42 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், பக்கத்தில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தது. அந்தப் பயிற்சி பத்து தன்னார்வலர்களுக்கு இல்லாமல் எண் அட்டை கொடுக்கக் கூடாது என்பேன்.

வெயில் இரண்டாவது எதிரி. குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறவர் பங்குனி வெயிலில் திடீரென்று ஓட முடியாது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஓடுகிறவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொண்டு, நிழலில் கிடத்தி, தலையிலிருந்து கால்வரை குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று சும்மா நிற்கும் நிமிஷங்கள்தான் உயிரைப் பறிக்கின்றன.

மூன்றாவது எதிரியைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகக் கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 போகிறது. கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் விடிய விடிய ஓடும். கறுப்பு டி-ஷர்ட், காதில் பாட்டு, வண்டிக்கு முதுகு காட்டிய ஓட்டம்: இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடி உலகத்தை வியக்க வைத்த ஃபவுஜா சிங், 2025 ஜூலையில் 114-வது வயதில் பஞ்சாபில் சொந்த ஊர் அருகே சாலையில் கார் மோதி இறந்தார். அந்த மனிதரை முதுமையால் நிறுத்த முடியவில்லை, சாலை நிறுத்திவிட்டது.

■ பெட்டிச் செய்தி: ரோட்டில் ஓடுகிறவர் கவனிக்க

• எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள்.
• விடியுமுன் வெள்ளை அல்லது மஞ்சள் சட்டை. காதில் எதுவும் வேண்டாம்.
• நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் பக்கம் திரும்பி, மெல்ல நகருங்கள்.
• நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் எப்போதாவது வந்திருந்தாலோ, சர்க்கரை, பிரஷர் இருந்தாலோ மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். காய்ச்சல் நாளில் ஓட வேண்டாம்.
• புதியவர்கள் வாரம் மூன்று நாள் போதும். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று தொடங்கி, ஒன்பது வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடலாம்.

பொங்கலுக்கு ஒரு கோடு

ஊரில் ஓட்டம் நடத்த என்ன வேண்டும்? தேதி ஏற்கெனவே இருக்கிறது. தை பிறந்ததும் தெருவுக்குத் தெரு உறியடி, கோலப்போட்டி, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது, சின்னப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் எல்லாம் நடக்கின்றன. ஆண்டிலேயே குளிர்ச்சியான காலை அது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கிற நாளும் அதுதான். காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் ஓடித் தேர்வாகிப் போனவர்களும் லீவில் வந்திருப்பார்கள். அவர்கள் மறுபடியும் ஓட ஒரு காரணம் கிடைக்கும்.

பாதையை நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டுபோகாமல், வயலை ஒட்டிய ஊர்ச் சாலையில் இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்பும்படி அமைக்கலாம். ஒரு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்திவைக்கக் காவல் நிலைய அனுமதி, ஓர் ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர், கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஸ்டாப்வாட்ச் பிடிக்க இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள். தூரத்தை மட்டும் பைக் மீட்டரை நம்பி விடக் கூடாது. சர்வதேச விதிப்படி, துல்லியமாகச் சரிபார்த்த சைக்கிள் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி அளந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்கிறார்கள்; ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர். தூரம் குறைந்துபோனால் நேரம் பொய்யாகிவிடும் என்பதற்காக. பள்ளிக் கணித ஆசிரியரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சாயங்காலத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

பதக்கமும் டி-ஷர்ட்டும் இல்லாமல் போகட்டும். ஓடிய ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் நிமிஷமும் நொடியும் எழுதிய தாள் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபர் 2-ல் பதின்மூன்று பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. எல்லோருக்கும் நேரம் மட்டும் குறிக்கப்பட்டது. 'பார்க்ரன்' என்ற அந்த ஓட்டம் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. அதில் ஓர் அழகான ஏற்பாடு: தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். எப்போதும் கடைசி அவர்தான். ஆகவே ஓட வந்த யாரும் கடைசி ஆக முடியாது. போன வருஷம் 38 நிமிஷம், இந்த வருஷம் 35 என்று சுவரில் பார்க்கிற மளிகைக் கடைக்காரருக்கு அடுத்த பொங்கல் வரை ஓடுவதற்கு வேறு தூண்டுதல் தேவைப்படாது.

அக்காவுக்கும் அதே தூரம்

அந்தத் தாளில் பெண்கள் பெயர் இருக்குமா என்பதுதான் உண்மையான சோதனை. காவலர் தேர்வுக்கு ஓடும் பெண்கள் மாலையில் பள்ளி மைதானத்தில், துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக ஓடுகிறார்கள். கல்யாணம் ஆனதும் அதுவும் நிற்கிறது. விடியற்காலை அவர்களுக்கு வாசல் தெளிக்கிற நேரம், அடுப்புப் பற்றவைக்கிற நேரம். வெளிச்சம் இல்லாத ரோடு அவர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்கு நீளம். பெண்களில் 57 சதவீதம் பேர் போதுமான அளவு அசைவதில்லை என்று ஆய்வு சொல்வதற்குப் பின்னால் சோம்பல் இல்லை, இதெல்லாம் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று சேர்ந்து பத்துப் பேராகப் பதிவு செய்தால், சேலையிலோ சுடிதாரிலோ ஓடலாம் நடக்கலாம் என்று அறிவித்தால், முதல் வருஷமே கூட்டம் வரும். ஒருத்தியாக ஓடினால் நின்று பார்க்கும் ஊர், ஐம்பது பேர் ஓடினால் கைதட்டும்.

தூரத்தையும் சரிசெய்ய வேண்டும். அரசின் ஓட்டத்தில் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண் 10 கிலோமீட்டர் ஓட, அதே வயதுப் பெண்ணுக்கு ஏன் 5? பெண்ணின் உடம்பு நீண்ட தூரத்தைத் தாங்காது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. அந்த நம்பிக்கையை 1967-ல் பாஸ்டனில் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் சுவிட்சர் பொய்யாக்கினார். ஓட்டத்தின் நடுவே அமைப்பாளர் ஒருவர் பாய்ந்து அவரைப் பிடித்து வெளியேற்றப் பார்த்தும் அவர் முழுத் தூரத்தையும் முடித்தார். 1984-ல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது. உலக குறுக்குநில ஓட்டப் போட்டியில் 2017 முதல் ஆணும் பெண்ணும் ஒரே 10 கிலோமீட்டர்தான் ஓடுகிறார்கள். வனக்காப்பாளர் தேர்வில் பதினாறு கிலோமீட்டர் நடக்கச் சொல்லும் அரசுக்கு, பெண்களின் காலில் நம்பிக்கை இல்லாமல் இருக்காது. அடுத்த செப்டம்பர் அறிவிப்பில் 5 என்ற எண்ணை 10 என்று மாற்ற ஒரு கையெழுத்து போதும். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாதபடி, ராயகிரியின் பொங்கல் நோட்டீஸில் இன்றே அச்சடிக்கலாம்: ஆண்கள் 5 கி.மீ., பெண்கள் 5 கி.மீ., பரிசு இருவருக்கும் ஒன்றே, புறப்பாடு காலை ஆறு மணி.